லினக்ஸை அழிக்க முதல் அந்தப் பிழைச் செய்தியை ஒருக்கா வாசிங்க

பதிவு கொஞ்சம் நீளம். ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ரெண்டு கிழமையாக ஓடும் கதைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஸ்கூல் லெப்ல லினக்ஸ் போட்டு பிள்ளைகள்ட காலத்த வீணாக்குறாங்க. வேர்ச்சுவல் பொக்ஸ் கூட ஓடுதில்ல. கடையில குடுத்தா ஒரு மணித்தியாலத்துல விண்டோஸ் அடிச்சுத் தருவாங்க." இதுதான் கதை.

வேர்ச்சுவல் பொக்ஸ் எதற்கு என்று முதலில் விளங்கிக் கொள்வோம். உயர்தரப் பிள்ளை ஒரு பணிசெயல் முறைமையை நிறுவிப் பழக வேண்டும். டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும், பிழை விட வேண்டும், திரும்பச் செய்ய வேண்டும். மூன்று பேருக்கு ஒரு கொம்பியூட்டர் இருக்கும் லெப்பில் அதை நேரடியாகச் செய்ய விட்டால் அடுத்த பாடவேளைக்கு மெஷின் இருக்காது. மெய்நிகர் பொறிக்குள் செய்தால் என்ன உடைந்தாலும் முன்பு எடுத்து வைத்த ஸ்னெப்சொட்டுக்குத் திரும்பலாம். பிள்ளை பயமில்லாமல் கை வைக்கும் இடம் அது ஒன்றுதான்.

சரி, ஓடவில்லை. திரையில் என்ன எழுதியிருந்தது? குழுமத்தில் சுற்றிய போட்டோவில் பிழை இலக்கமே வெட்டுப்பட்டிருந்தது. அந்த இலக்கம் மைனஸ் 1908. கேர்னல் டிரைவர் ஏற்றப்படவில்லை என்பது அதன் அர்த்தம். வேர்ச்சுவல் பொக்ஸுக்குத் தன்னுடைய ஒரு துண்டைக் கேர்னலோடு சேர்த்தாக வேண்டும். அப்டேட்டில் கேர்னல் மாறினால் அந்தத் துண்டைப் புதிய கேர்னலுக்கு ஏற்றவாறு மறுபடி கட்ட வேண்டும். அதற்கு அதே பதிப்பின் ஹெடர் கோப்புகள் தேவை. அவை இல்லாவிட்டால் கட்டுப்படாது. ஹெடர்களைப் போட்டு, வீபொக்ஸ்கொன்ஃபிக் கட்டளையை ஒரு தரம் ஓட்டினால் அனேகமாக முடிந்துவிடும்.

முடியாவிட்டால் செக்கியூர் பூட்டைப் பாருங்கள். கையொப்பம் இல்லாத துண்டைக் கேர்னல் ஏற்றாது. உபுண்டு இதற்காகவே நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து பத்து செக்கன் காத்திருக்கும். ஏதாவது ஒரு கீயை அழுத்தி உள்ளே போய், சாவியைப் பதியச் சொல்லும் தெரிவை எடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் "வைரஸ் போல" என்று அந்தப் பத்து செக்கனையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருமுறை பதிந்தால் பிறகு வரும் கேர்னல்களுக்கும் அதே சாவி போதும்.

இன்னொன்று புதியது. 6.12 கேர்னலில் இருந்து, லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம் ஏற்றப்பட்ட உடனேயே புரோசஸரின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அப்போது வேர்ச்சுவல் பொக்ஸ் "வேறொருவர் பாவிக்கிறார்" என்று முறைப்பாடு செய்யக்கூடும். கேவிஎம்மை இறக்கிவிடலாம். எங்களைக் கேட்டால் வேர்ச்சுவல் பொக்ஸை விட்டுவிட்டு, கேவிஎம்மையே வேர்ட்-மனேஜர் மூலம் பாவிப்பது நல்லது. வீட்டில் இருக்கும் சோற்றை விட்டுக் கடைச் சாப்பாடு எதற்கு?

விண்டோஸ் அடித்தால் இதெல்லாம் இல்லையா? பயோஸில் விடி-எக்ஸ் அணைந்திருந்தால் அங்கேயும் 64 பிட் பொறி ஓடாது. ஹைப்பர்-வி இயங்கினால் வேர்ச்சுவல் பொக்ஸ் கீழே ஒரு பச்சை ஆமையைக் காட்டிக்கொண்டு ஆமையாகவே நகரும். அதோடு கடையில் ஒரு மணித்தியாலத்தில் அடித்துத் தருவது எந்த விண்டோஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அன்டிவைரஸை நிறுத்திவிட்டுக் கிரெக் போடச் சொல்பவரிடம் பிள்ளைகளின் லெப்பை ஒப்படைக்கலாமா?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. "செக்கியூர் பூட்டை ஓஃப் பண்ணு, இந்தக் கட்டளையைப் பேஸ்ட் பண்ணு" என்று விளக்கமில்லாமல் அனுப்புகிறவரும் கடைக்காரரும் ஒன்றுதான். ஓஃப் பண்ணுவது ஒரு தீர்வுதான். ஆனால் எதை அணைக்கிறோம் என்று தெரிந்து அணைக்க வேண்டும்.

கலாசாலையில் எங்களுக்குக் குறையறி சோதனையும் பரிகாரக் கற்பித்தலும் சொல்லித் தந்தார்கள். பின்னத்தில் பிழை விட்ட பிள்ளையை நாங்கள் வகுப்பை விட்டு விலக்குவதில்லை, எந்தப் படியில் பிழைத்தது என்று பார்க்கிறோம். மெஷினுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

நேரமில்லை என்பது உண்மை. ஒரே பாடவேளை, அதற்குள் வரவு, பரீட்சைத் தாள், இதற்கிடையில் யார் கேர்னல் பார்ப்பது? அந்த முறைப்பாட்டை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நேரத்தைத் தின்னும் பெரிய விஷயத்தை எவரும் பேசுவதில்லை. எங்கள் லெப்பில் அரைவாசிக் கொம்பியூட்டர்களின் பயோஸ் பாஸ்வேர்ட் பாடசாலையில் எவரிடமும் இல்லை. பழுது பார்த்த கடையில்தான் இருக்கிறது. விடி-எக்ஸை இயக்குவது இரண்டு நிமிட வேலை, அதற்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அபிவிருத்திச் சங்கத்துக்காரர்கள் லினக்ஸை அழிக்கத் தீர்மானம் எடுக்க முதல் அந்தப் பாஸ்வேர்ட்களை எழுத்தில் வாங்கித் தாருங்கள்.

சனிக்கிழமை காலை லெப் திறந்திருக்கும். பெற்றாரும் வரலாம். இனிமேல் குழுமத்தில் போட்டோ போடுவதானால் கீழே இருக்கும் இலக்கத்தை வெட்டாமல் போடுங்கள்.