மொழியாசிரியரின் மேசையும் இணையத்து நூல்களும்

‘மலரின் நாற்றம்’ என்று மாணவர் ஒருவர் கட்டுரையில் எழுதியிருந்தால், அதைப் பிழையென வட்டமிடுவதா, பழைய வழக்கென ஏற்றுக்கொள்வதா என்பதை முடிவு செய்ய ஆசிரியருக்கு ஓர் அகராதி போதாது. திருக்குறளில் ஐம்புல உணர்வுகளுள் ஒன்றாக எண்ணப்படும் ‘நாற்றம்’ நன்மணம், தீமணம் என்ற வேறுபாடின்றி மணத்தைப் பொதுவாகச் சுட்ட, இன்றைய பேச்சிலோ அச்சொல் மூக்கைப் பொத்த வைக்கும் வாடைக்கே உரியதாகிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டதும், 1926க்குப் பின் ச. வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் வளர்ந்ததுமான தமிழ்ப் பேரகராதி, ஒரு சொல்லின் பொருள்களை இலக்கிய மேற்கோள்களுடன் தருவதால் சொல்லின் வரலாற்றைக் காட்டவல்லது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் அதை இன்று எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். ஆனால் அது தொகுக்கப்பட்ட காலத்துக்குப் பின் தமிழ் உரைநடை வெகுதூரம் வந்துவிட்டமையால், 1992இல் முதலில் வெளிவந்து 2020இல் மூன்றாம் பதிப்பைக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை அதனருகே வைத்துப் பார்த்தாலன்றி மாணவருக்குச் சரியான விடை கிடைக்காது. முன்னது சொல் வந்த வழியைச் சொல்கிறது. பின்னது இன்று அது நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஆசிரியர்கள் பலர் முதலாவதோடு நின்றுவிடுவது, அது இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதனால்தான் போலும்.

இலக்கண வாசிப்பிலும் இதே இடைவெளி உண்டு. நன்னூலை மட்டும் கற்றுத் தேர்ந்தவருக்கு, இன்றைய எழுத்துத் தமிழையே தரவாகக் கொண்டு எம். ஏ. நுஃமான் எழுதிய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ புதிய கண்ணைத் தரும். எழுத்துக்கு ஒரு வடிவமும் பேச்சுக்கு வேறொரு வடிவமும் ஒரே சமூகத்தில் நிலவுவதைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கினார். இரட்டை வழக்கு எனப்படும் அந்நிலை, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவரைப் படுத்தும் பாடு சிறிதன்று. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று பாடநூலில் படித்தவர் தெருவில் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்பதைக் கேட்டு விழிப்பார். அவரைக் கற்பிப்பவருக்கு, ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணம் இன்றும் உதவும்.

மூலநூல்களைத் தேடுவோருக்கு, 1998இல் தொடங்கித் தன்னார்வலர்களின் உழைப்பால் நடந்துவரும் மதுரைத் திட்டமும், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் தளமும், பாடங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளன. இவற்றுள் மதுரைத் திட்டத்தின் கோப்புகளில், எந்தப் பதிப்பிலிருந்து உரை எடுக்கப்பட்டது, அதைத் தட்டச்சு செய்தவரும் மெய்ப்புப் பார்த்தவரும் யாவர் என்பன போன்ற விவரங்கள் பெரும்பாலும் முகப்பிலேயே தரப்பட்டிருக்கும். பாட்டை மட்டும் வெட்டியெடுத்து வகுப்புக்கு அச்சிடும்போது கழன்று போவது இந்த முகப்புத்தான். பதிப்புக்குப் பதிப்பு பாடவேறுபாடு உள்ள சங்க நூல்களில் இது சிறிய இழப்பன்று. ஆகவே மாணவர் கையில் தரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பின் பெயரையும் ஆண்டையும் ஒரு வரியாகக் குறிக்குமாறு இவ்விதழின் வாசகர்களான ஆசிரியர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.