ஆயுத கோபுரத்தில் இல்லாதவை

தஞ்சை அரண்மனைக்குப் போகிறவர்கள் சரஸ்வதி மகாலில் ஏடுகளைப் பார்க்கிறோம். கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைப் பார்க்கிறோம். அருகே அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் ஆயுத கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். பெயரில் இருக்கும் ஆயுதங்கள் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுவதில்லை. தாராசுரத்திலிருந்து பலமுறை அங்கே சென்றுவந்த நமக்கும் நெடுநாள் தோன்றவில்லை.

1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்ததும் கம்பெனி அரசு அரண்மனையையும் அதன் உடைமைகளையும் கையகப்படுத்தியது. அரசி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்துச் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசுச் செயல், நீதிமன்றம் தலையிட இயலாது என்று அத்தீர்ப்பைத் தள்ளியது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு உலோக விலைக்கு விற்கப்பட்டது. எழும்பூரில் தப்பிப் பிழைத்தவற்றை ஆதாரமாகக் கொண்டு ராபர்ட் எல்குட் 2004-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஏடுகள் பிழைத்து, 1918-இல் நூலகம் பொதுமக்களுக்குரியதாயிற்று. இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. கும்பகோணம் பக்கத்து முன்னாள் மிராசு குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வீட்டில் பரம்பரையாக வந்த துப்பாக்கிகள் மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்று தாத்தா காலத்து ரிவால்வர். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் அதற்கும் சந்தனம் வைப்பார்கள். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிவர வேண்டும். 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. வாரிசுரிமையாக வந்தவையும் இந்த வரம்புக்குள்தான். ரிவால்வரைக் கொடுத்துவிட்டார்கள். "சனியன் தொலைஞ்சுது சார்" என்றார் நண்பர். சற்று நேரம் கழித்து, "அதை யார்கிட்டல்லாம் காட்டினாங்கன்னு அப்பா கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் நம்மை விடவில்லை.

பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பது மேல்நாடுகளில் பெரிய கலை, பெரிய வணிகமும்கூட. 2015-இல் லண்டனில் திப்பு சுல்தானோடு தொடர்புடைய வாள்களும் துப்பாக்கிகளும் ஏறத்தாழ 60 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயின. ஆனால் பணத்தை வைத்து மட்டும் இந்த ஆர்வத்தை எடைபோடுவது தவறு. நல்ல சேகரிப்பாளர் ஒருவகைச் சுவடி வாசகர். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிய கைத்துப்பாக்கி, சிறு செப்புத் தொப்பியை அடித்து வெடிக்கும் முறைக்கு மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தின் தழும்பு பூட்டுத் தகட்டில் தெரியும். அதைக்கொண்டு, 19-ஆம் நூற்றாண்டிலும் அது பயன்பட்டது என்று அவர் சொல்வார். 1836-இல் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். 1851-இல் வந்த ஆடம்ஸ் ரிவால்வரில் விசையை இழுத்தாலே போதும். சில வினாடி வேறுபாடுதான். நெருக்கிச் சண்டையிடும் இடத்தில் அந்த வினாடிகள் ஓர் உயிர்.

முத்திரை படிப்பது இதில் தனிக் கல்வி. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளில் 1808 வரை இதய வடிவக் குறி. அதன்பின் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். சிங்கத்தையும் அதற்கு முந்தைய ஆண்டையும் ஒரே தகட்டில் கண்டால் ஐயுற வேண்டும். பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இன்பம் புரியும். இடைச்செருகல் ஏட்டில் மட்டும் இல்லை.

இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது, நிற்க வேண்டியதும்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். பழமை மட்டும் போதாது; செத்திருக்கவும் வேண்டும். இந்த நிபந்தனையில் நமக்கு மறுப்பில்லை. மறுப்பு எங்கே என்றால், ஒப்படைக்கப்படும் துப்பாக்கியோடு அதன் கதையை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை என்பதில். வாரிசு கையெழுத்திட்டுவிட்டு வந்துவிடுகிறார். 1860-களில் அரண்மனைக்கு நடந்தது இப்போது வீடுவீடாக, யாரும் கவனிக்காமல் நடக்கிறது.

உடனே ஒரு கேள்வி எழும்: மிராசுதாரின் துப்பாக்கியைக் கொண்டாடச் சொல்கிறீர்களா? நியாயமான கேள்வி. இதே காவிரி பிறக்கும் குடகில் 1861 முதல் கொடவர்களுக்கு உரிம விலக்கு உண்டு; கைல்போது பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டுகிறார்கள். ஆறு கடைமடைக்கு வரும்போது கதை வேறாகிவிடுகிறது. இங்கே துப்பாக்கி ஊருக்குப் பொதுவான பெருமையாக இருந்ததில்லை. அது பண்ணை வீட்டுக்குள் இருந்தது. அதன் முனை சேரியை நோக்கி இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியைச் சூழ்ந்தவர்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். சூட்டுக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிந்து மாண்டார்கள். அந்த நிகழ்வை இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புன'லாக எழுதினார். சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. 1911-இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் என்று நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வெண்மணியில் வெடித்தவை எந்தத் துப்பாக்கிகள், பின்னர் என்னவாயின என்று கேட்பதில்லை.

ஆகவேதான் இவை அழியக் கூடாது என்கிறோம். வெள்ளி வேலைப்பாட்டையும் தேக்குக் கைப்பிடியையும் மட்டும் சேர்த்துவைப்பவர் பாதிச் சேகரிப்பாளர். துப்பாக்கியின் முனை யாரை நோக்கியிருந்தது என்பதையும் சேர்த்துவைப்பவரே முழுமையானவர். உருக்கிவிட்டால் பெருமையோடு பழியும் உருகிவிடும். பழி உருகுவதில் சிலருக்கு ஆதாயமும் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஒப்படைக்கப்படும் பழந்துப்பாக்கியை மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து பார்க்கட்டும். முத்திரைகளைப் படமெடுத்து, குடும்பத்தாரின் வாய்மொழியைப் பதிவு செய்யட்டும். அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளிடமும் கேட்கட்டும்; அவர்களுக்கு வேறொரு கதை தெரிந்திருக்கும். பிறகு குழலை அடைத்து, சுட இயலாததாக்கி, இரு கதைகளோடும் காட்சிக்கு வைக்கட்டும். தமிழ்த்துறை மாணவர்களுக்கு நாட்டார் கதை சேகரிக்கக் கற்றுத்தருகிறோம், இதையும் கற்றுத்தரலாம்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் பெரியபுராண அடியார்களின் வாழ்வு சாண் அளவுச் சிற்பங்களாக ஓடுகிறது. அந்த அடியார்களுள் ஒருவர் ஏனாதிநாதர். இதே சோழ நாட்டில் எயினனூரில் வாட்படை பயிற்றியவர். வஞ்சகமாகத் திருநீறு பூசி வந்த பகைவனின் நெற்றியைக் கண்டதும் அவர் போரை விட்டார். ஆனால் வாளைக் கீழே போடவில்லை. ஆயுதமற்றவனைக் கொன்ற பழி அவனுக்கு வரக்கூடாதென்று, வாளையும் கேடயத்தையும் ஏந்தியபடியே வெட்டுண்ண நின்றார்.

வீசப்படாத அந்த வாளுக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்தது. இனிச் சுடப்போகாத இந்தத் துப்பாக்கிகளுக்கு ஒரு பதிவேட்டிலாவது இடம் வேண்டும். நண்பரின் தந்தை சொல்லாமல் போனதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நாம் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.