ஒளிர்வதெல்லாம் உண்மையா?



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. ஆய்வுக்கூட வேலைக்குப் போகப்போகும் நமக்கென்றே சொல்லி வைத்தது போலிருக்கிறது!

மின்கம்பிக்கு ரப்பர் உறை மாதிரி, நம் நரம்பிழைகள் பலவற்றுக்கு மையலின் உறை இருக்கிறது. இடையிடையே உறை இல்லாத கணுக்கள். 1870களில் பிரான்சின் ரான்வியே இவற்றை விவரித்தார். ஒரு கணுவின் நீளம் ஏறக்குறைய 1 மைக்ரான்தான்! அங்கே எந்தப் புரதம் இருக்கிறது என்று சாதாரணச் சாயம் சொல்லாது. அதற்குத்தான் ஆன்டிபாடி. அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டி அனுப்பும் வித்தையை 1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் காட்டினார்கள். புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்; மைக்ரோஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும்.

சிக்கலும் இங்கேதான். மையலினின் உலர் எடையில் சுமார் 70 சதவீதம் கொழுப்பு. ஆன்டிபாடி லேசில் உள்ளே போகாது. டிரைட்டான் போன்ற திரவம் விட்டு வழி திறக்கணும். பார்மலினில் அதிக நேரம் ஊறினாலோ புரதத்தின் அடையாளமே மறைந்துவிடும். ஆகவே ஒளி இல்லையென்றால் புரதம் இல்லை என்று அர்த்தமில்லை. மறுபக்கம், ஆன்டிபாடி வேண்டாத இடத்திலும் ஒட்டும். திசு தானாகவும் ஒளிரும்.

அதனால்தான் சொல்கிறேன், கன்ட்ரோல் ஸ்லைடு இல்லாத படம் சாட்சி இல்லாத வழக்கு! "ரீஏஜென்ட் விலை என்ன தெரியுமா? நேரம் எங்கே இருக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் மையலின் அழிகிறது. ஆன்டிபாடி சரியாகப் புகாத இடத்தை, மையலின் அழிந்த இடம் என்று படித்துவிட்டால்?

முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு ஒன்று கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது. பி-சீரோ என்ற புரதம் கைகால் நரம்புகளின் மையலினில் ஏராளம். பாலூட்டிகளின் மூளை மையலினில் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செய்தால், ஆன்டிபாடி உண்மை பேசுகிறதா என்று தெரிந்துபோகும்.

படம் போட்டு அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு என்று நம்பும் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்படி நம்புகிறவர்களை ஏமாற்றாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஸ்லைடு கழுவுகிறவர்கள்தானே என்று நம்மை யாரும் நினைக்கட்டும். அந்தக் கை ஒழுங்காக வேலை செய்தால்தான் மேலே உள்ளவர் எழுதும் முடிவு நிற்கும். கன்ட்ரோலைக் கேட்டு வாங்குவோம், கூச்சம் வேண்டாம்!