எதைப் பார்ப்பது?



சென்ற தலைமுறையினர் அறியாத தொல்லை ஒன்று இன்று நம் இல்லங்களிற் புகுந்திருக்கிறது. அது இல்லாமையால் வந்ததன்று, மிகுதியால் வந்தது. அக்காலத்தில் கொட்டகையில் ஓடும் படத்தைப் பார்த்தோம். பிடிக்காவிடில் வீட்டில் இருந்தோம். தூரதர்ஷன் வந்தபோது, அவர்கள் குறித்த நாளில் குறித்த நேரத்தில் அளித்ததைக் கண்டோம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதாக இருக்கவில்லை.

2016-ஆம் ஆண்டு ஜனவரியில் நெட்பிளிக்ஸும் டிசம்பரில் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்கு வந்தன. நம் மைசூரிலோ தனித்திரைக் கொட்டகைகள் குறைந்து வந்தன. 2020-இல் சாந்தலா மூடப்பட்டது. இன்று வீட்டுக் கூடமே கொட்டகை. ரிமோட்டைப் பிடித்திருப்பவரே கொட்டகை முதலாளி. ஆயினும் நடப்பது யாது? இரவு உணவு முடிந்து குடும்பம் அமர்கிறது. தந்தை ஒரு படத்தைச் சொல்ல, மகன் வேறொன்றைச் சொல்ல, தாயார் எதையும் சொல்லாதிருக்க, அரைமணி நேரம் தேடுவதிலேயே கழிகிறது. முடிவில் ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஆளுக்கொரு மூலைக்குச் செல்கின்றனர்.

இத் தடுமாற்றத்தை நம்மினும் நன்றாக அறிந்தவர்கள் அந் நிறுவனத்தாரே. நெட்பிளிக்ஸைச் சேர்ந்த இருவர் 2015-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பார்வையாளர் 60 முதல் 90 விநாடிகள் வரை, 10 முதல் 20 படங்களின் பெயர்களைப் பார்த்த பிறகு ஆர்வம் இழந்துவிடுகிறார் என்று கண்டுரைத்தனர். தங்கள் தளத்தில் பார்க்கப்படும் நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு பரிந்துரைகளின் வழியே நிகழ்கிறது என்பதும் அவர்கள் கூற்று. ஒரே படத்துக்கு ஆளுக்கேற்ப வேறு வேறு முகப்புப் படங்களைக் காட்டுவதும் அவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று. நாம் நேற்று எதைப் பார்த்தோமோ அதன் உறவினங்களே இன்று நம் முன் வரிசையாய் நிற்கின்றன. அக் கணக்கு நமது நேற்றைய பழக்கத்தை அறியும். நம் பிள்ளைகள் நாளை எவ்வாறு வளரவேண்டும் என்னும் நமது எண்ணத்தை அறியாது. ஆகவே, பெட்டியைத் திறந்தபின் தேர்ந்தெடுத்தல் கூடாது. தேர்ந்தெடுத்தபின் பெட்டியைத் திறத்தல் வேண்டும். தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதற் கேள்வி: யாரோடு அமர்ந்து பார்க்கப் போகிறோம்?

நல்ல படம் என்பது வேறு. இந்தக் கூடத்திற்கு, இன்று மாலைக்கு ஏற்ற படம் என்பது வேறு. 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ பெரியோர் கட்டாயம் பார்க்கத்தக்க படம். ஆனால், அதில் வரும் காவல்நிலையக் கொடுமைக் காட்சிகளை எட்டு வயதுக் குழந்தையின் கண்முன் வைக்கலாகாது. 2022-இல் வந்த ‘சுழல்’ தொடரும் அத்தகையதே. விறுவிறுப்பான துப்பறியும் கதைதான். எனினும் சிறார் மீது இழைக்கப்படும் கொடுமையைத் தொட்டுச் செல்வதால், பிள்ளைகள் உறங்கியபின் பார்ப்பதே முறை.

இணையத் தளங்களுக்கென்று வெளியாகும் தொடர்கள் தணிக்கைக் குழுவின் பார்வைக்குச் செல்வதில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, தளத்தாரே அவற்றை அனைவருக்கும் உரியவை, 7 வயதுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல், வயது வந்தோர்க்கு மட்டும் என ஐந்தாகப் பிரித்துக் காட்டவேண்டும். 13-ம் அதற்கு மேலும் குறிக்கப்பட்டவற்றைப் பெற்றோர் பூட்டிவைக்க வசதி செய்துதரவும் வேண்டும். அவ் வசதியைப் பயன்படுத்தாத இல்லங்கள் நம்மிடையே பலவாகும். குழந்தைகளுக்கெனத் தனிப் பக்கம் அமைத்து, பெரியோர் பக்கத்திற்கு இரகசிய எண் இட்டுவைப்பது சில நிமிட வேலை. எனினும், தொடக்கத்தில் தோன்றும் அந்த எண் ஒரு வழிகாட்டியே; பெற்றோரின் கண்ணுக்கு அது ஈடாகாது.

இரண்டாம் கேள்வி: எந்த மொழியில் கேட்கப் போகிறோம்?

நம்மைப் போல் வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கு இதுவே தலையாய கேள்வி. நம் பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், தெருவிற் கன்னடம், வீட்டிலோ இரண்டும் கலந்த ஒரு பேச்சு. தமிழ் அவர்களிடம் செல்வதற்குத் திறந்திருக்கும் வாயில் செவி ஒன்றே. அச் செவிக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் நாம் எதை அளிக்கிறோம் என்பது சிறிய செய்தியன்று.

எடுத்துக்காட்டாக, 2023 ஜனவரி 26-இல் ஜீ5 தளத்தில் வந்த ‘அயலி’ என்னும் தொடரைக் கூறலாம். எட்டுப் பகுதிகள், இயக்கியவர் முத்துக்குமார். பருவமெய்திய பெண்ணைப் பள்ளியினின்று நிறுத்தி மணமுடித்துவிடும் வழக்கமுள்ள புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில், மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி என்னும் சிறுமி, தான் பருவமெய்தியதை மறைத்துப் படிப்பைத் தொடர்கிறாள். வளர்ந்த பெண்மக்களோடு அமர்ந்து பார்த்து, பின்னர் பேசுதற்குரிய கதை இது. மைசூரிற் பிறந்த பிள்ளைகள் கேட்டறியாத மண்ணின் தமிழும் அதில் உண்டு.

தமிழ் ஒன்றையே பார்க்க வேண்டும் என்று கூறுகிறேன் என எண்ணற்க. நமக்கு உணவும் உறைவிடமும் தந்த நாட்டின் மொழிப் படங்களையும் பார்க்கவேண்டும். ஆனால் அவற்றை அம் மொழியிலேயே கேட்கவேண்டும். 2022-இல் வந்த ‘காந்தாரா’ தமிழிலும் கிடைக்கிறது. அதைத் தமிழொலியில் வைத்துக் கேட்டால் கதை விளங்கும். துளுநாட்டின் வாடை போய்விடும். கன்னடத்தில் வைத்து, பாட்டிக்குப் பேரன் பொருள் சொல்லட்டும். தமிழ்ப் படம் ஓடும் நாளில் பேரனுக்குப் பாட்டி சொல்லட்டும். இரண்டு மொழியும் இருவர்க்கும் வந்து சேரும்.

இரு மொழிக்கும் இடையே நம் முன்னோர் வேலி கட்டவில்லை. கன்னடத்தில் ‘ஸ்கூல் மாஸ்டர்’ படத்தை 1958-இல் அளித்த பி.ஆர். பந்துலுவே 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்தார். 1961 என்னும் ஒரே ஆண்டில் கன்னடத்திற்குக் ‘கித்தூர் சென்னம்மா’வையும் தமிழுக்குக் ‘கப்பலோட்டிய தமிழ’னையும் தந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்த வாரங்களிற் பார்க்கும் பிள்ளை, இரு நாட்டு வீரர்களையும் தன்னவராகவே கொள்ளும்.

மூன்றாம் கேள்வி: எப்போது முடியும்?

ஒரு பகுதி முடிந்ததும் சில விநாடிகளில் அடுத்தது தானே தொடங்குகிறது. கதையும் கொக்கியில் மாட்டினாற்போல் பாதியில் நிற்கிறது. நெட்பிளிக்ஸின் தலைவராயிருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல், தங்கள் போட்டி மக்களின் உறக்கத்தோடுதான் என்று வெளிப்படையாகவே பேசினார். காலையில் பள்ளிக்கும் பணிக்கும் செல்லவேண்டிய குடும்பம் அப் போட்டியில் தோற்றல் ஆகாது. தானே ஓடும் அவ் வசதியை அமைப்புப் பகுதியில் நிறுத்திவைக்கலாம்.

முடிவுள்ள கதைக்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் கதைகளை, கன்னட நடிகர் சங்கர் நாக் 1986-87-இல் ‘மால்குடி டேஸ்’ என்னும் தொடராக எடுத்தார். படப்பிடிப்பு பெரும்பாலும் ஆகும்பேயில். இசை தமிழரான எல். வைத்தியநாதன், சித்திரங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண். அதன் பல கதைகள் அரைமணிக்குள் ஒரே பகுதியில் முடிந்துவிடும். பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையன்று யாதவகிரியில் நினைவில்லமாக விளங்கும் அவர் வீட்டிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். திரையிற் கண்டது திரையோடு நில்லாமல் வாழ்வோடு சேர்வதற்கு அது வழியாகும்.

இம் மூன்று கேள்விகளையும் நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ரயில் நிலையத்தில் வண்டிகளின் நேரத்தை முன்கூட்டியே பலகையில் எழுதிவைப்பது போல, ஞாயிறு காலையில் அந்த வாரத்துக்குரிய படங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாரம் மூன்று மாலை போதும். ஒரு மாலை பிள்ளைகளின் முறை. ஒரு மாலை பெரியோர் முறை. ஒரு மாலை இல்லத்தரசியின் முறை. இம் மூன்றாவதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வீடுகளில் ரிமோட் அவர் கைக்கு வருவது, எல்லாரும் உறங்கி, அவரும் களைத்துப்போன பிறகே. பிறர் முறையன்று முணுமுணுப்பின்றி உடனமர்வதும் ஒரு பயிற்சிதான். வீட்டில் பிறர் விருப்பத்துக்கு இடங்கொடுக்கக் கற்ற பிள்ளை வெளியிலும் இடங்கொடுக்கும்.

சங்கத்து அன்பர்கள் தம் இல்லத்தாரோடு பார்த்து மகிழ்ந்த படங்களின் பெயர், எந்த வயதினர்க்கு ஏற்றது, எம்மொழியிற் கேட்கக் கிடைக்கிறது என்னும் விவரங்களை எழுதி அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவந்தால், அவற்றைத் தொகுத்து இப் பகுதியில் வெளியிட எண்ணம். அறிந்த குடும்பம் ஒன்று பார்த்துவிட்டுச் சொல்லும் சொல், எந்தப் பரிந்துரை வரிசையினும் நமக்கு நம்பத்தக்கதன்றோ?