‘ஆஃப்டர்’ என்னும் ஒளிவிடம்

“பொலிஸார் சுட்டதன் பின்னர் இளைஞர் உயிரிழந்தார்.” இப்படியொரு வாக்கியத்தை நமது தமிழ் நாளேடுகளில் எத்தனை தடவை வாசித்திருப்பீர்கள்? சுட்ட பின்னர் தேநீர் அருந்தினாரா, பேருந்து ஏறினாரா? சுட்டதால் அல்லவா இறந்தார்!

இந்நோய் ஆங்கிலத்திலிருந்து தொற்றியது. அங்கே ‘ஆஃப்டர்’ என்ற சொல் காலத்தை மட்டுமே கூறும். காரணத்தை வாசகனே ஊகித்துக்கொள்ள வேண்டும். விசாரணை முடியும்வரை யார்மீதும் பழிசுமத்தலாகாது என்பது ஆங்கிலப் பத்திரிகையாளர் கூறும் நியாயம். மரணகாரணம் ஐயத்துக்குரியதாயின் அதை ஏற்கலாம். குண்டு பாய்ந்த கணமே விழுந்தவனுக்குமா?

ரியூசன் வகுப்புகளிலோ ‘நோ சூனர்’ வந்தால் ‘தான்’ வரவேண்டும், ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’ வரவேண்டும் என்று மனனஞ் செய்விக்கிறார்கள். ‘சூனர்’ ஒப்பீட்டுச் சொல்லாதலால் ‘தான்’ வருகிறது என்ற விளக்கத்தைக்கூடப் பலர் கூறுவதில்லை. போகட்டும். இவையிரண்டும் விரைவைக் காட்டுமேயன்றி விளைவித்தவரைக் காட்டா. மணி அடித்ததும் மழை பெய்தது என்றால் மணியா மழையைப் பெய்வித்தது?

காரணத்தை நேராகச் சொல்ல ஆங்கிலத்திலும் வழி உண்டு. குண்டை எழுவாயாக்கி, ‘கில்ட்’ என்ற ஒற்றை வினையைப் பக்கத்தில் வைத்தாற் போதும். இணைப்புச்சொல்லே வேண்டியதில்லை. தமிழுக்கோ அவ்வளவுகூட வேண்டாம். “பொலிஸார் சுட்டதில் இளைஞர் இறந்தார்.” நான்கே சொற்கள். செய்தி ஆசிரியர்களே, இதை எழுத உங்களைத் தடுப்பது இலக்கணமா?