சிவப்பு வாரம் வாங்கலையோ

அமெரிக்காவில் டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை) விற்பவர் முதலில் காட்டுவது நீச்சல் குளத்தை. 1974இல் தொடங்கிய ஆர்சிஐ போன்று, ஒரு விடுதியின் வாரத்தை வேறு விடுதியின் வாரத்துக்கு மாற்றித் தரும் பரிமாற்ற நிறுவனங்களோ, ஒருவர் கொடுக்கும் வாரத்துக்கு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்றுதான் பார்க்கின்றன.

ஆர்லாண்டோவில் ஆண்டு முழுவதுமே கிராக்கி மிகுந்த ‘சிவப்பு’ பருவம் என்பார்கள். நம்பிவிடக் கூடாது. டிஸ்னி வேர்ல்டைச் சுற்றி விடுதிகள் மலிந்து கிடக்கின்றன. பள்ளிகள் திறந்த பிறகு வரும் செப்டம்பர் வாரத்தைச் சீந்துவோர் குறைவு. கொலராடோ பனிச்சறுக்கு மலையடிவாரத்தின் பிப்ரவரி வாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு படுக்கையறையும் முழுச் சமையலறையும் இருந்தால் மதிப்பு இன்னும் ஏறும். அந்த வாரத்தையும் பரிமாற்ற நிறுவனத்திடம் பல மாதங்கள் முன்பே ஒப்படைக்க வேண்டும். கடைசி நேரத்தில் கொடுத்தால் மதிப்பு கரையும்.

மறுவிற்பனையில் ஒரு டாலருக்கே வாரங்கள் கிடைக்கின்றன. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வரும்.