சைக்கிளும் கம்ப்யூட்டர் சயின்ஸும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் புதுக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" கிடைத்தவர்கள் சாக்லேட் கொடுக்கிறார்கள். கிடைக்காதவர்கள் பி.காம். சேர்கிறார்கள் :-) கிடைத்த பிறகு மூன்று வருஷம் அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பல கல்லூரிகளில் நடப்பது இதுதான். லேபுக்குப் பத்துப் பதினைந்து ப்ரோகிராம். அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பரீட்சையில் அதிலிருந்தே ஒன்று வரும். அப்புறம் என்ன, மனப்பாடம்தான்! ஒரு செமிகோலன் விட்டுப்போய் எர்ரர் வந்தால், அது என்ன சொல்கிறது என்று படிக்காமல் பக்கத்து சிஸ்டத்தை எட்டிப் பார்க்கிறார்கள். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டோ காசு கொடுத்தால் பைண்டிங்கோடு கிடைக்கிறது.

இதே மாவட்டம் வேறு மாதிரியும் படித்திருக்கிறது. 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி அது நாடு முழுக்கத் தெரிந்தது. அந்தப் பெண்கள் யாரும் சைக்கிள் பாகங்களைப் படம் வரைந்து கையெழுத்து வாங்கவில்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். சாயும்போது ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புவது என்பது விழுந்தால்தானே தெரியும்?

அதே 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தன் சொந்தக் கம்ப்யூட்டரில் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்ததுதான் லினக்ஸ். இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதன் கெர்னல்தான். அவர் அதை ரெக்கார்டு நோட்டுக்காக எழுதவில்லை.

"தமிழ் மீடியம் பசங்களுக்குக் கஷ்டம்" என்பார்கள். கஷ்டம் இங்கிலீஷில்தான், யோசிப்பதில் இல்லை. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது யாரும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் திறந்து, சொல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடலாம். மிச்சத்திலும் அப்படியே. ஆயிரம் பக்கம் என்றாலும் பத்துத் தடவைக்குள் பக்கம் சிக்கிவிடும். இதுதான் பைனரி சர்ச். இதை முதலில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் சி-யில் எழுதச் சொன்னால் யாருக்குப் புரியாது?

காமர்ஸில் ஒரு பாடம் உண்டு. இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம். ப்ரோகிராமும் அப்படித்தான். எர்ரர் இல்லாமல் ஓடும், விடை தப்பாக வரும். அதைக் கண்டுபிடிக்கிறவர்தான் படித்தவர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மனப்பாட ப்ரோகிராமை சில நொடியில் மெஷினே எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

மாற்றம் பெரிதாக எதுவும் தேவையில்லை. பிராக்டிகல் பரீட்சையில் தப்புள்ள ப்ரோகிராமைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். ரெக்கார்டு நோட்டில் என்ன எர்ரர் வந்தது, எப்படிச் சரியானது என்று எழுதச் சொல்லலாம். வைவாவில் ப்ராஜெக்ட்டின் ஒரு பகுதியைக் கண்ணெதிரே மாற்றச் சொல்லலாம்.

அறந்தாங்கியிலிருந்தும் கந்தர்வகோட்டையிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் அந்த வீட்டின் முதல் பட்டதாரிகள். சென்னை இன்டர்வியூவில் "உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க" என்றதும் அவர்கள் வாயடைத்து நின்றால், அது அவர்களுக்கு மூளை இல்லாததால் அல்ல. மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட அவர்களை யாரும் விழவே விடவில்லை.